அரை அங்குலத் தகடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், "இரும்புப் பாலத்தில் முதலில் எது பழுதாகும்?" என்று கேட்டிருந்தார். "இணைப்பு" என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தேன். அதன்பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்த ஒரு சொல் யாருக்கும் போதவில்லை என்று தெரிகிறது. எனக்கும் போதவில்லைதான். திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில், இரும்புக் கட்டுமானங்கள் செய்யும் ஃபேப்ரிகேஷன் யார்டுகளில் முப்பத்தொரு வருடம் தரச் சோதனை வேலை பார்த்தவன் நான். போல்ட், ரிவெட், வெல்டிங் இந்த மூன்றும்தான் என் சாப்பாடு. அதனால் இந்த மாதப் பகுதி முழுவதையும் இதற்கே எடுத்துக்கொள்கிறேன்.

என் மகன் அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் இருக்கிறான். தினமும் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தின் மேல்தான் வேலைக்குப் போகிறான். அதே இடத்தில் முன்பு இருந்த பாலம் இடிந்து விழுந்ததாமே? அவனிடம் கேட்டால் சிரிக்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மயிலாடுதுறை

அம்மா, முதலில் உங்கள் மனசுக்கான பதில். உங்கள் மகன் போகிற பாலம் 2008 செப்டம்பர் 18 அன்று திறக்கப்பட்ட கான்கிரீட் பாலம். பழைய பாலத்தோடு அதற்கு இடம் மட்டும்தான் பொது. அதன் உடம்பு முழுக்க 300-க்கும் மேற்பட்ட உணர்கருவிகளைப் பதித்து, அது எவ்வளவு வளைகிறது, எவ்வளவு அதிர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும்படி கட்டினார்கள். தைரியமாக இருங்கள்.

பழைய பாலத்தின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் என்னை அதிகம் பாதித்த விபத்து அதுதான்.

2007 ஆகஸ்ட் 1, மாலை 6 மணி 5 நிமிடம். ஆபீஸ் விட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரம். ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே ஆற்றில் இறங்கிவிட்டது. விழுந்த பகுதியில் 111 வாகனங்கள் இருந்தன. 13 பேர் இறந்தார்கள், 145 பேருக்குக் காயம். குழந்தைகள் நிறைந்த ஒரு பேருந்து சரிந்த தளத்தின் மேல் பக்கத் தடுப்பில் சாய்ந்து நின்றுவிட்டது. அதிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ஏன் விழுந்தது? இரும்பு டிரஸ் பாலத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும் இல்லையா? அந்த முக்கோணங்களின் சட்டங்கள் ஒரு முனையில் வந்து கூடும் இடத்தில், இந்தப் பக்கம் ஒரு தகடு, அந்தப் பக்கம் ஒரு தகடு வைத்து, நடுவில் சட்டங்களைப் பிடித்து ரிவெட் (தலை தட்டி இறுக்கும் இரும்பு ஆணி) அடித்திருப்பார்கள். யார்டில் அந்தத் தகட்டுக்கு கசெட் என்று பெயர். ஒரு முனையில் நான்கைந்து சட்டங்கள் சந்திக்கும். ஒன்று இழுக்கும், ஒன்று தள்ளும், ஒன்று சாய்வாக அமுக்கும். அத்தனையும் அந்த இரண்டு தகட்டுக்குள்தான் தீர்ந்தாக வேண்டும்.

அந்தப் பாலத்தின் மேல் வரிசையில் யு10 என்று குறிக்கப்பட்ட முனையில் இருந்த கசெட்டின் கனம் அரை அங்குலம், அதாவது சுமார் 12.7 எம்.எம். இருக்க வேண்டியது அதைப்போல இரண்டு மடங்கு. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓராண்டுக்கும் மேலாக விசாரித்து, 2008 நவம்பரில் அளித்த முடிவு இது. இரும்பு மட்டமாக இல்லை. ரிவெட் அடித்தவர் மேல் குற்றம் இல்லை. துரு காரணம் இல்லை. 1960-களில் பாலத்தை வடிவமைத்தபோதே அந்தத் தகடு தவறான கனத்தில் வரைபடத்தில் ஏறிவிட்டது. பழைய கணக்குத் தாள்களைத் தேடியபோது, முதன்மை டிரஸ்ஸின் கசெட்டுகளுக்கான கணக்கே கிடைக்கவில்லை.

அந்தப் பாலம் 1967-ல் திறக்கப்பட்டது என்று படித்தேன். கணக்கு தப்பு என்றால் முதல் வருடமே விழுந்திருக்க வேண்டாமா? நாற்பது வருடம் பரிசோதனை செய்தவர்கள் கண்ணில் எப்படிப் படாமல் போனது?
— சிவில் பொறியியல் மாணவி, திண்டுக்கல்

நல்ல கேள்வி, அம்மா. இதே கேள்வியை நானும் பல ராத்திரி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வடிவமைக்கும்போது எல்லாவற்றிலும் கொஞ்சம் கூடுதல் பலம் விட்டு வைப்போம். அந்தக் கையிருப்பில்தான் அந்தத் தகடு நாற்பது வருடம் ஓட்டியது. 1977-ல் தளத்தின் மேல் சுமார் 2 அங்குலம் கான்கிரீட் ஏற்றினார்கள். 1998-ல் நடுத் தடுப்பையும் பக்கத் தடுப்புகளையும் மாற்றியதில் இன்னும் எடை கூடியது. ஒவ்வொரு முறையும் கையிருப்பிலிருந்து கொஞ்சம் போனது. கடைசி நாள் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. மணல், ஜல்லி, தண்ணீர், இயந்திரங்கள் என்று 260 டன்னுக்குப் பக்கம், பலவீனமான அந்த முனைக்கு அருகிலேயே குவிந்திருந்தது. அன்று கையிருப்பு தீர்ந்துவிட்டது.

பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய பாலம் எவ்வளவு தாங்கும் என்று மறுபடி கணக்குப் போடும்போது, அன்றைய வழக்கத்தில் சட்டங்களைத்தான் கணக்கிட்டார்கள். கசெட்டைச் சேர்க்கவில்லை. கசெட் எப்போதும் சட்டத்தைவிடப் பலமாக இருக்கும் என்பது தொழிலில் ஊறிப்போன நம்பிக்கை. பரிசோதிக்கப் போகிறவர் துருவைப் பார்ப்பார், விரிசலைப் பார்ப்பார், தளர்ந்த ரிவெட்டைப் பார்ப்பார். வரைபடத்தில் அரை அங்குலம், பாலத்திலும் அரை அங்குலம் என்றால் அவர் கண்ணுக்கு எல்லாம் சரி. வரைபடமே தப்பு என்பது சுத்தியலால் தட்டினால் தெரிகிற விஷயமா?

ஆனால் ஒன்று தெரிந்திருக்கலாம். 1999-லும் 2003-லும் எடுத்த புகைப்படங்களில் அந்த முனையின் கசெட்டுகள் லேசாக வளைந்திருப்பது பதிவாகியிருக்கிறது. விபத்துக்கு அப்புறம்தான் அதன் அர்த்தம் விளங்கியது. 1996-லேயே ஒஹையோ மாநிலத்தில் கிராண்ட் ஆற்றின் மேல் ஐ-90 நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றில், பெயிண்ட் வேலை நடக்கும்போது கசெட்டுகள் மடங்கி, பாலம் சில அங்குலம் இறங்கி நின்றது. அங்கே துருவில் தகடு மெலிந்திருந்தது. நல்லவேளையாக யாரும் சாகவில்லை. யாரும் சாகாததாலேயே அந்த எச்சரிக்கை நாடு முழுவதும் போய்ச் சேரவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்று. ஒரு நடைமேம்பால வேலை. வரைபடத்தில் கசெட் 16 எம்.எம். என் கையில் வந்த தகடு கண்ணுக்கே மெலிசாகத் தெரிந்தது. கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்தால் 10. கட்டிங் பிரிவில் வேலை செய்த தம்பி, "சார், மெயின் சட்டமெல்லாம் கரெக்டா இருக்கு. இது சும்மா சேர்க்கிற தகடுதானே" என்றான். நல்ல பையன், ஏமாற்றுகிறவன் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினான். ஆறு தகட்டையும் ஒதுக்கி, சிவப்பு பெயிண்டில் பெரிய பெருக்கல் குறி போட்டு வைத்தேன். மினியாபொலிஸ் செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தம்பியின் முகம். அவன் சொன்னதைத்தான் பெரிய பெரிய பொறியாளர்களும் மனசுக்குள் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விசாரணை முடியும் வரை காத்திருக்காமல், 2008 ஜனவரியிலேயே பாதுகாப்பு வாரியம் ஒரு பரிந்துரை அனுப்பியது: பாலத்தில் எடையையோ போக்குவரத்தையோ மாற்றும் முன், கசெட்டையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதே வருடம் மார்ச்சில், அதே மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் கிளவுட் ஊரில் ஒரு பாலத்தின் கசெட்டுகள் வளைந்திருப்பதைப் பார்த்து அந்தப் பாலத்தை மூடினார்கள். அப்புறம் இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டினார்கள். ஒரு வருடத்துக்கு முன்பாக இருந்தால் அந்த வளைவைப் பார்த்துப் பாலத்தை மூடியிருப்பார்களா?

அரசாங்கம் வரிப்பணத்தில் இரும்புத் தகட்டை வாங்கி உடைத்துப் பார்க்கிறதாம். கட்டுகிற கம்பெனிகளே இந்த ஆராய்ச்சியைச் செய்துகொள்ளக் கூடாதா?
— சிறுதொழில் நடத்துபவர், ஓசூர்

ஐயா, நீங்கள் தொழில் நடத்துகிறவர். ஒரு கம்பெனி ஒரு பாலத்துக்கு விலை சொல்லும்போது, அந்தப் பாலத்தை விதிப்படி கட்டுவதற்குத்தான் விலை சொல்லும். விதியே சரியா என்று சோதிக்க அதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? ஐம்பது வருடத்துக்கு முன் கட்டிய பாலத்தைக் கட்டிய கம்பெனியே இன்று இருக்கிறதோ இல்லையோ. பாலம் மட்டும் அரசாங்கத்தின் கையில் இருக்கும், மேலே மக்கள் போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் உடைத்துப் பார்க்கும் கடமை அரசாங்கத்துக்குத்தான் வரும்.

அமெரிக்காவில் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், வர்ஜீனியாவின் மெக்லீன் என்ற இடத்தில் டர்னர்-ஃபேர்பேங்க் நெடுஞ்சாலை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் சொந்தச் சோதனைக்கூடம். மினியாபொலிஸ் விசாரணையில் அந்தக் கசெட் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தவர்களும் இந்த மையத்தினர்தான். அதோடு விடவில்லை. ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, நிஜப் பாலத்தின் அளவிலேயே கசெட் இணைப்புகளைச் செய்து, ஐந்து சட்டங்களைக் கோத்து, ஒவ்வொன்றையும் நிஜத்தில் போலவே இழுத்தும் அமுக்கியும், தகடு மடங்கும் வரை ஏற்றிப் பார்த்தார்கள்.

அந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்கிறேன். தகட்டின் முகத்துக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, அதன் மேல் கறுப்புப் புள்ளிகளைத் தூவிவிடுவார்கள், புள்ளி போட்ட கோழி முட்டை மாதிரி. எதிரில் இரண்டு கேமரா. சுமை ஏறும்போது ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கெடுக்கும். நான் யார்டில் ஸ்கேலும் நூலும் வைத்து வளைவைப் பிடித்தவன். ஒரு தகடு சாயும் முன் அதன் முகம் முழுக்க எப்படி மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடிகிறது என்று படித்தபோது, பரவசமாகத்தான் இருந்தது.

என்ன கண்டுபிடித்தார்கள்? மூன்றைச் சொல்கிறேன்.

சாய்வாக வந்து அமுக்குகிற சட்டம் கசெட்டுக்குள் ஓரளவு தூரம்தான் நுழைந்திருக்கும். அதன் முனைக்கும் மற்ற சட்டங்களுக்கும் நடுவில் வெறும் தகடாக ஒரு இடைவெளி இருக்கும். ஆபத்து அங்கேதான். அந்த இடைவெளியை ஒரு குட்டித் தூணாக நினைத்துக் கணக்குப் போட வேண்டும். எத்தனை அகலத்தைத் தூணாக எடுப்பது? 1952-ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் விட்மோர் என்பவர், ரிவெட் வரிசையின் தொடக்கத்திலிருந்து இரண்டு பக்கமும் 30 டிகிரி விரித்துக் கோடு போட்டு, அந்த அகலம் என்றார். அவர் அதைச் சொல்லி அறுபது வருடம் கழித்து, அந்த அகலத்தோடு எந்தத் தூண் சூத்திரத்தைச் சேர்த்தால் நிஜத் தகடு மடங்குகிற சுமைக்குக் கிட்டே வரும் என்பதை இந்தச் சோதனைகள் உறுதிப்படுத்தின.

இரண்டாவது, தகடு முழு அகலத்துக்கும் அறுபட வேண்டியதில்லை. சாய்ந்த சட்டத்தை ஒட்டி ஒரு பகுதி மட்டும் வழுக்கி நகர்ந்தாலே, அந்தக் குட்டித் தூணுக்குப் பிடிமானம் போய்விடும். இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்தது.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது. கசெட்டின் வெளி ஓரம் ரொம்ப நீளமாக இருந்தால் தகடு மடங்கும், அதனால் ஓர நீளத்துக்கு ஒரு வரம்பு என்று பழைய விதி இருந்தது. வரம்பு மீறினால் ஓரத்தில் ஒரு ஆங்கிளை, அதாவது 'எல்' வடிவ இரும்புச் சட்டத்தை, வைத்து அடித்துவிடுவோம். நானே எத்தனையோ தகட்டுக்கு அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஓர நீளத்துக்கும் தகடு மடங்கும் சுமைக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை என்று சோதனை காட்டிவிட்டது. உள்ளே இருக்கிற இடைவெளியைப் பார்க்காமல் இத்தனை நாள் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். உடைத்துப் பார்க்காமல் இதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

2009-ல் கசெட்டுக்கான முதல் வழிகாட்டியை வெளியிட்டார்கள். 2013-ல் சோதனை முடிவுகள் அறிக்கையாக வந்தன. அதன்படி அமெரிக்கப் பால விதிகளே மாறின. இன்று அங்கே ஒரு டிரஸ் பாலத்தின் தாங்குதிறனைச் சொல்கிறவர், கசெட்டைக் கணக்கிட்டே ஆக வேண்டும். உங்கள் வரிப்பணக் கேள்விக்கு என் பதில் இதுதான், ஐயா. சோதனைக்கூடத்தில் மடங்குகிற தகட்டின் மேல் யாரும் வண்டி ஓட்டிக்கொண்டு போவதில்லை.

பதினெட்டு வருடம் மஸ்கட்டில் வெல்டராக இருந்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். எங்கள் ஃபோர்மேன், உயர்ந்த கிரேடு ஸ்டீல் போட்டால் விரிசலே வராது என்பார். சரிதானா?
— வெல்டர், புதுக்கோட்டை

சரியில்லை, தம்பி. வெல்டிங் பக்கத்தில் அரசுப் பணத்தில் நடந்த ஒரு பெரிய சோதனை இந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் யெல்லோ மில் பாண்ட் என்ற பாலம். 1958-ல் திறந்தது. உத்திரத்தின் அடியில் கூடுதல் பலத்துக்காக ஒரு தகட்டை வைத்து வெல்டு செய்திருந்தார்கள். 1970-ல் அந்தத் தகடு முடிகிற இடத்தில் விரிசல் பிடித்து உத்திரத்துக்குள் ஏறியிருப்பதைக் கண்டார்கள். பலத்துக்காகச் சேர்த்த தகட்டின் நுனியிலேயே பலவீனம்.

அதே சமயத்தில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழகத்தில் ஜான் ஃபிஷரும் அவருடைய குழுவினரும், மாநில நெடுஞ்சாலைத் துறைகளின் பணத்தில் நடக்கும் தேசியத் திட்டத்தின் கீழ், முந்நூறுக்கும் மேற்பட்ட உத்திரங்களை லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரண ஸ்டீல், நடுத்தரம், மிக உயர்ந்த கிரேடு எல்லாம் அதில் இருந்தன. 1970-லும் 1974-லும் அறிக்கைகள் வந்தன. வெல்டு செய்த இணைப்பின் ஆயுளை ஸ்டீலின் கிரேடு தீர்மானிப்பதில்லை. இரண்டே விஷயம்தான்: ஒவ்வொரு வண்டி போகும்போதும் அழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது, இணைப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது. அதை வைத்து இணைப்புகளுக்கு ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். உத்திரத்தின் நடுவில் திடீரென்று முடிகிற தகடு கடைசித் தரமான 'இ'.

உங்களுக்கு இது கையிலேயே தெரியும். வெல்டு பட்டை முடிந்து தாய்த்தகடு தொடங்குகிற ஓரம் இருக்கிறதே, டோ என்போமே, அதில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அண்டர்கட். கிரேடு எவ்வளவு உயர்ந்தாலும் அந்தப் பள்ளம் பள்ளம்தான், விரிசல் அங்கேதான் முளைக்கும். சோதிக்கிறவனாக எத்தனையோ வெல்டர்களோடு இதற்காகவே சண்டை போட்டிருக்கிறேன். வேலையை நிறுத்திவிட்டு கிரைண்டிங் போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? அதிலும் ஷிப்ட் முடிகிற நேரத்தில். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்று எப்படித் தெரியும்? கை கணக்கா, கருவிக் கணக்கா?
— மெக்கானிக், ஈரோடு

இரண்டும். பாலத்தில் போடும் உயர்வலிமை போல்ட்டை ஒரு விறைப்பான ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை இழுத்துப் பிடித்தால், அது தகடுகளை நெருக்கும். அந்த நெருக்கத்தில் வருகிற உராய்வுதான் சுமையைத் தாங்குகிறது. அமெரிக்க முறையில் ஒன்று நட்டைத் திருப்பும் கணக்கு: ஒரு ஆள் சாதாரண ஸ்பானரில் முழுப் பலத்தையும் போட்டு இறுக்கிய பிறகு, நட்டிலும் போல்ட் முனையிலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு கிழித்துவிட்டு, மேலும் மூன்றில் ஒரு சுற்று. இது போல்ட்டின் நீளம் அதன் விட்டத்தைப்போல நான்கு மடங்குக்குள் இருந்தால். அதற்கு மேல் எட்டு மடங்கு வரை அரைச் சுற்று. கோடு விலகியிருப்பதைப் பார்த்தே யார் இறுக்கியது, யார் இறுக்காமல் போனது என்று சொல்லிவிடலாம்.

உராய்வு என்றவுடன் பெயிண்ட் பிரச்சினை வரும். மணல் வீசிச் சுத்தம் செய்த வெறும் பரப்புக்கு உராய்வு எண் 0.50 என்று எடுப்பார்கள். இரும்பை உருட்டித் தகடாக்கும் ஆலையில் மேலே படிந்த செதில் அப்படியே இருந்தால் 0.30. நடுவில் பெயிண்ட் இருந்தால் அந்த பெயிண்ட்டைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஒரே பெயிண்ட்டை வெவ்வேறு சோதனைக்கூடங்களில் கொடுத்தால் ஒரே எண் வருகிறதா என்பதைக்கூட டர்னர்-ஃபேர்பேங்க் மையத்தினர் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த அக்கறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இறுக்கின பிறகு உள்ளே என்ன பரப்பு இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாதே.

பாலங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்ற சட்டம் எப்போது வந்தது?
— வாசகர், காரைக்குடி

அமெரிக்காவில் 1967-க்குப் பிறகுதான். அந்த வருடம் நவம்பரில்தான் மினியாபொலிஸ் பாலம் திறந்தது. அடுத்த மாதம், டிசம்பர் 15, சாயங்காலம், மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளெசன்ட் ஊரில் ஒஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் விழுந்து 46 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்கித் திரும்புகிற கூட்டம்.

அது சங்கிலியில் தொங்கும் பாலம். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் துளை போட்ட இரும்புப் பட்டை இரண்டே இரண்டு. அதில் ஒரு பட்டையின் துளை ஓரத்தில் ஒரு விரிசல். ஆழம் 2.5 எம்.எம். அந்தப் பட்டை உடைந்ததும் மற்றது தனியாகத் தாங்க முடியாமல், துளைகளைக் கோத்திருந்த ஊசியிலிருந்து (பின்) கழன்றது. மொத்தப் பாலமும் போனது. உடைந்த முனையை அரசாங்கத்தின் தேசியத் தரநிர்ணயக் கூடத்தில் நுண்ணோக்கியில் வைத்துத்தான், அரிப்பும் அழுத்தமும் சேர்ந்து வளர்த்த விரிசல் என்று கண்டார்கள். அந்த விரிசல் பாலத்தைப் பிரிக்காமல் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவு உள்ளே இருந்தது. 1968-ல் சட்டம் வந்தது. 1971-ல் நாடு முழுமைக்கும் பரிசோதனை விதிகள் வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

தண்ணீர் தேங்குவதால் இரும்புப் பாலம் விழுமா?
— இல்லத்தரசி, சிதம்பரம்

விழுந்திருக்கிறது. 1983 ஜூன் 28 நள்ளிரவு தாண்டி, கனெக்டிகட்டில் மயானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு துண்டு விழுந்து 3 பேர் இறந்தார்கள். சாலை வேலையின்போது மழைநீர்த் துளைகளை மூடிவிட்டார்கள். அந்தத் துண்டை ஊசிகளில் (பின்) மாட்டிய பட்டைகளில் தொங்கவிட்டிருந்தார்கள்; தண்ணீர் அந்த இணைப்பில் இறங்கியது. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது ஊதி ஊதி, தொங்கும் பட்டையை ஊசியிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. உங்கள் ஊர்ப் பாலத்தின் நீர்த்துளையில் மண் அடைத்திருந்தால் நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதிப் போடுங்கள். அற்ப விஷயமென்று கூச்சப்பட வேண்டாம்.

தாத்தா, கசெட் தகடு மடங்கும் என்று அப்பா படித்துக் காட்டினார். இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மடங்கும்? நான் பார்க்க முடியுமா?
— ஆறாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

கண்ணு, வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை எடுத்துக்கொள். கொஞ்சம் கெட்டி அட்டையாக இருக்கட்டும். அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சதுரம் வெட்டு. ஐஸ்கிரீம் குச்சி மூன்று வேண்டும். ஒரு குச்சியைப் படுக்கையாகவும், ஒன்றை நேராகவும், ஒன்றைச் சாய்வாகவும் வைத்து, மூன்றும் சந்திக்கிற இடத்தில் முன்னும் பின்னும் அட்டையை வைத்துப் பசை தடவு. சாய்ந்த குச்சியின் முனை மற்ற இரண்டையும் தொடக் கூடாது, ஒரு விரல் கட்டை இடம் விடு. பசை காய ஒரு ராத்திரி ஆகும்.

காலையில் படுக்கைக் குச்சியை மேஜை மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சாய்ந்த குச்சியை மறு கையால் மெதுவாக அமுக்கு. கண்ணை அந்த ஒரு விரல் இடைவெளியில் வை. முதலில் ஒன்றும் ஆகாது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் அட்டை ஒரு பக்கமாகப் புடைக்கும். அப்புறம் சட்டென்று குச்சி பக்கவாட்டில் நழுவும். குச்சி உடைந்திருக்காது, பார்.

அதே மாதிரி இன்னொன்று செய். இந்த முறை அட்டையை இரண்டிரண்டாக ஒட்டி வை. இடைவெளியும் அதே ஒரு விரல்தான். அம்மாவின் சமையல் தராசு இருந்தால் அதன் மேல் வைத்து அமுக்கி, எத்தனை கிராமில் புடைத்தது என்று இரண்டுக்கும் குறித்துக்கொள். இடைவெளியை அரை விரலாகக் குறைத்து மூன்றாவதும் செய். மூன்று எண்ணையும் எனக்கு எழுதி அனுப்பு. அடுத்த மாதம் இதே பக்கத்தில் போடுகிறேன்.